அசையாமல் நின்ற கொக்கு

அருள்,

மீரா எடுத்த கொக்குப் படம் உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசும்போது உன் தலைக்குப் பின்னால் அது தெரிந்தது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று காட்டினாய். நல்ல சட்டம், கண்ணாடிகூடப் பளபளப்பில்லாத வகை. "அழகா இருக்குப்பா" என்றேன். பிறகு நீ கோயம்புத்தூர் பேச்சை எடுத்தாய். பங்குனியில் வருவாய், தஞ்சாவூர் வீட்டைக் காலி செய்வாய், என்னை அந்த முதியோர் குடியிருப்பில் கொண்டுபோய் வைப்பாய், முன்பணம் கட்ட இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். "சரிதானேம்மா?" என்று கேட்டாய். "சரிப்பா" என்றேன். ஐந்து நிமிடத்துக்குள் உனக்கு இரண்டு தவறான பதில்கள் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கை முழுவதும் பிறர் விடைத்தாள்களில் சிவப்பு மை போட்டவள் நான். என்னுடையதை நானே திருத்தாமல் விட்டால் நன்றாக இருக்காது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்ல முடியாது. போனை எடுத்தால் எனக்குத் தலைமையாசிரியைக் குரல் வந்துவிடுகிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆயிரம் பெண்களை ஒரு பார்வையில் அடக்கிய குரல். அதற்குக் கெஞ்சத் தெரியாது, சந்தேகப்படத் தெரியாது, "பயமா இருக்குடா" என்று சொல்லவே தெரியாது. கான்வென்ட் விடுதியில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நேராக உட்காருவது. முதுகு நாற்காலியில் படக் கூடாது. அது இன்றைக்கும் படுவதில்லை. எழுதும்போது மட்டும்தான் கொஞ்சம் சாய்ந்து உட்காருகிறேன். உன் சிநேகிதர்கள் இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களுடைய அம்மாக்களும் இங்கே ஏதாவது ஒரு வீட்டில் முதுகை நேராக வைத்துக்கொண்டு "சரிப்பா" சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மார்கழியில் நீங்கள் வந்திருந்தபோது ஏரிக்குப் போனோமே, அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். பால்காரர் வருவதற்கு முன்பே நீ குளித்துத் தயாராக நின்றாய். பள்ளிக்கூடத்துக்கு உன்னை எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நான். பறவை பார்ப்பதென்றால் தானாக எழுந்திருக்கிறாய். கழுத்தில் பைனாகுலர், கையில் புத்தகம், தலையில் தொப்பி. மீரா தோளில் பீரங்கி மாதிரி ஒரு கேமரா. பம்பாயில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேச ஆசைப்படுகிறாள், பேசவும் செய்கிறாள். முதல் நாள் "ஆன்ட்டி" என்றாள். "அத்தைன்னு கூப்பிடும்மா, ஆன்ட்டி எதிர்வீட்டுக்காரிக்கு" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "அத்தை", பின்னால் ஒரு "அத்தை". நல்ல பெண். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இட்லியை ஸ்பூனால் வெட்டுவதைத் தவிர.

வாடகைக் காரில் வடுவூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் வரவில்லை. ஏரிக்கரையில் எனக்கு மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் கரையோரமாக நடந்தீர்கள். கருவேல மரம் முழுக்க நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. நீ ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் பெயர் சொல்ல, நான் நாற்காலியிலிருந்தே தமிழ்ப் பெயர் சொன்னேன். "அரிவாள் மூக்கன். அது பாம்புத்தாரா, கழுத்தைப் பாரு." மீரா சிரித்தாள். "அத்தை, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் அத்தை?" நீ முந்திக்கொண்டு, "அம்மா கான்வென்ட்ல நேச்சர் ஸ்டடி படிச்சவங்க" என்றாய். நான் மறுக்கவில்லை. நேச்சர் ஸ்டடியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ராபினும் நைட்டிங்கேலும். அவை எப்படி இருக்கும் என்று சிஸ்டருக்கே தெரிந்திருக்காது. அரிவாள் மூக்கன் வேறு இடத்திலிருந்து வந்தவன். அவனிடம் பிறகு வருகிறேன்.

காபி குடிக்கும்போது நீ என் காலடியில் புல்லில் உட்கார்ந்தாய். மீரா தள்ளிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நீ பேச்சை ஆரம்பித்த விதத்திலேயே பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறாய் என்று புரிந்தது.

"அம்மா, நாங்க அங்க வீடு வாங்கப் போறோம். சிட்டிசன்ஷிப்புக்கும் எழுதிக் குடுத்தாச்சு."

"நல்லதுப்பா."

"நீங்க இங்க தனியா இருக்கிறது எனக்குச் சரியா படல. எங்ககூட வந்துடுங்களேன்."

"அந்தக் குளிர்ல வந்து நான் என்ன பண்றது? ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"இல்லன்னா கோயம்புத்தூர்ல ஒரு இடம் பாத்திருக்கேன். வயசானவங்களுக்குன்னே கட்டியிருக்காங்க. டாக்டர் உள்ளயே இருக்காரு. லைப்ரரி இருக்கு. சாப்பாடு மெஸ்ல."

"மெஸ் சாப்பாட்டுக்கு உப்பு யாரு பாக்கிறது?"

"நீங்கதான் போய்ப் பாருங்களேன், ஒரு வாரத்துல சமையல்காரன் ஓடிருவான்."

இருவரும் சிரித்தோம். பிறகு நீ கேட்டாய், "உங்களுக்கு எதும்மா நிம்மதி? அத மட்டும் சொல்லுங்க." நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு எங்க இருந்தாலும் நிம்மதிதான். உனக்கு எது சௌகரியமோ அதப் பண்ணு" என்றேன். அந்த நொடியில் உன் தோள் இறங்கியது, அருள். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி. நீ அதை அறிந்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். பார்த்த பிறகு எப்படி வேறு பதில் சொல்வது? மூட்டையை மறுபடி உன் தலையில் ஏற்றச் சொல்கிறாயா? "அம்மா, யூ ஆர் தி பெஸ்ட்" என்று என் முழங்காலைத் தட்டிவிட்டு, கூழைக்கடா பார்க்கப் போய்விட்டாய்.

நீ முதன்முதலாகக் கிளம்பிய நாளும் இப்படித்தான். கம்ப்யூட்டர் படித்த பையன்களையெல்லாம் கப்பல் ஏற்றாத குறையாக வாரிக்கொண்டு போன வருஷங்கள் அவை. நம் தெருவில் மூன்று வீட்டில் ஒரு வீடு விமான டிக்கெட் பார்த்தது. மீனம்பாக்கத்தில் மற்ற அம்மாக்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்து, "பாஸ்போர்ட்ட கையிலயே வச்சுக்க, பையில போடாத" என்றேன். உன் அப்பா திரும்பும் வழியெல்லாம், "நீ கல்லுடி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவர் போனபோதும் நான்தான் உனக்குப் போன் செய்தேன். "அப்பா போயிட்டாருப்பா. அவசரப்படாத. டிக்கெட் எப்பக் கிடைக்குதோ அப்ப வா, நான் பாத்துக்கறேன்." நீ வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்குக் காபி போனதா என்றுகூடப் பார்த்தேன். நீ உன் சித்தப்பாவிடம், "அம்மா ரொம்ப ஸ்ட்ராங், சித்தப்பா. அம்மாவப் பத்தி நான் கவலைப்பட வேண்டியதில்ல" என்று சொன்னது கூடத்தில் என் காதில் விழுந்தது. எனக்கு அன்று அது பெருமையாக இருந்தது. பெருமை என்பதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அன்று என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஏரியிலிருந்து திரும்பும் வழியில் மீரா காரை நிறுத்தச் சொன்னாள். சாலைக்குச் சற்றுத் தள்ளி, அறுவடை முடிந்து மழைத் தண்ணீர் தேங்கிய வயல். நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கொக்கு. கார் கதவு சாத்திய சத்தத்துக்குக்கூட அது திரும்பவில்லை. மீரா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினாள். நீ பின்னால். நானும் கம்பை ஊன்றிக்கொண்டு வரப்புத் தலைப்புவரை வந்தேன். அவள் நெருங்க நெருங்க அது அப்படியே நின்றது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு காலை லேசாகத் தூக்கினாற்போல.

"அருள், இதுக்குப் பயமே இல்ல பாரு!"

"நம்ம ஊர்ல யாரும் தொந்தரவு பண்றதில்ல, அதான். அங்க ஒரு ஹெரான எடுக்க எவ்வளவு தூரம் தவழ்ந்து போனோம்! இங்க பாரு, எவ்வளவு நிம்மதியா நிக்குது." என் பக்கம் திரும்பினாய். "இல்லம்மா?"

நான் "ஆமா" என்றேன்.

உனக்குத் தெரியாமல் போனதற்கு நீ காரணமில்லை. நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் தாத்தா விவசாயி என்று சொல்லியிருக்கிறேன். பிறர் வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர் என்பதும் உனக்குத் தெரியும். வயல்வேலை இல்லாத மாதங்களில் அவர் கொக்கு பிடித்தார். அதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஏரியில் நான் சொன்ன பெயர்களெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. எங்கள் குடிசையில் எப்போதும் ஒரு கொக்கு இருக்கும். பார்வைக் கொக்கு என்பார்கள். உயிரோடு பிடித்து, மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்து நூலால் ஒரு தையல் போட்டுவிடுவார். விடியலில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய், தண்ணீர் நிற்கும் வயலில் முளையடித்துக் காலைக் கட்டுவார். சுற்றிலும் கண்ணி. எட்டத்தில் தழையைக் குவித்து அதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார், கையில் கொக்கின் காலில் கட்டிய இன்னொரு கயிறு. அதைச் சுண்டினால் கொக்கு தடுமாறி இறக்கையை விரித்து அடிக்கும். மேலே பறக்கிறவை அதைப் பார்த்துவிட்டு இறங்கும்.

சாயங்காலம் அதற்கு அயிரை மீன் ஊட்டுவது என் வேலை. காலடிச் சத்தம் கேட்டதுமே வாயைத் திறக்கும். ஒருநாள் கேட்டேன், வலிக்காதா என்று. அப்பா வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "வலியெல்லாம் ஒரு நாளுதான் பாப்பா. கண்ணு தெரிஞ்சா பயந்து அடிச்சுக்கும், கால முறிச்சுக்கும். தெரியலன்னா வச்ச எடத்துல நிக்கும். அது சும்மா நிக்கிறதப் பாத்துத்தான் மத்ததெல்லாம் இங்க ஒரு பயமும் இல்லன்னு நெனச்சுக்கும்."

அதற்குப் பிறகு அவர் ஒரு பாதிரியார் தயவில் என்னைக் கான்வென்ட்டில் சேர்த்தார். அங்கே என் பெட்டியில் கொக்கு வாடை அடிப்பதாக ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அன்றைக்கு நேராக்கிய முதுகுதான் இது. உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லாததற்கு நான் வருந்தவுமில்லை. உனக்கு அந்த வாடை தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். நீ அவற்றின் இறக்கை நிறத்தையும் அலகு நீளத்தையும் புத்தகத்தில் பார்த்து மகிழும் மனிதனாக வளர்ந்தாய். அது நான் விரும்பிய வளர்ச்சிதான்.

ஆனால் அன்று வரப்பில் நின்றபோது நான் பார்த்தது வேறு. கொக்கின் கண் இருந்த இடத்தில் ஒரு கோடு. காலடியில் முளை. தண்ணீருக்குள் இழுத்த கயிறு போய் முடியும் இடத்தில் பூவரசுத் தழைக் குவியல். அந்தத் தழைக்குள்ளிருந்து ஒரு மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாணவிகளில் யாருடைய அப்பாவோ என்று ஒரு கணம் திகைத்தேன், தெரியாத முகம். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். காட்டிக்கொடுத்துவிடாதே என்று. உன் கையில் போன் இருந்தது. நீ நியாயமானவன், உடனே வனத்துறையைக் கூப்பிடுவாய், அவரை ஜீப்பில் ஏற்றுவார்கள். மீராவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நம்ம ஊர்" என்று நீ சொன்னபோது உன் குரலில், வெகு நாளாக நான் கேட்காத ஒரு பெருமை. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் என் அப்பாவைப் போல ஒருவர், நடுவில் அது. யாருக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "வெயில் ஏறுதுப்பா, கெளம்பலாம்" என்று மட்டும் சொன்னேன்.

கார் நகர்ந்ததும் மீரா பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாம் போய்விட்டோம் என்று அவர் கயிற்றைச் சுண்டியிருக்க வேண்டும். கொக்கு இறக்கை இரண்டையும் விரித்துப் படபடத்தது. "அய்யோ, அத்தை, பாருங்க அத்தை, நமக்கு டாட்டா சொல்லுது!" என்று மீரா கை தட்டினாள். நீயும் கண்ணாடியில் பார்த்துக் கை அசைத்தாய். நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, "அம்மாவுக்கு அலைச்சல்" என்று நீ எனக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தாய்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் உன்னைப் பார்க்கும்போது உன் தலைக்கு மேல் அது நிற்கிறது. உன் நண்பர்கள் வந்தால் அதைக் காட்டி எங்கள் ஊர் எவ்வளவு அமைதி என்று சொல்கிறாயாம். மீரா சொன்னாள். அதே மூச்சில் என்னைப் பற்றியும் சொல்கிறாயாம்: அம்மாவ எங்க வச்சாலும் நிம்மதியா இருப்பாங்க.

நான் நிம்மதியாக இல்லை, அருள். இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். குளியலறையில் கால் வழுக்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்ற நாள் உண்டு. உயிரோடு இருக்கும் ஒருவர் பெயர்கூட வாயில் வரவில்லை. உன் அப்பா பெயரைத்தான் சொன்னேன். காலையில் சமைத்ததையே மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். வீட்டில் இன்னொரு குரல் கேட்கட்டும் என்று டிவியில் செய்தியை ஓட விடுகிறேன், அந்தப் பெண் தமிழை எவ்வளவு கொலை செய்தாலும். கோயம்புத்தூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அங்கே லைப்ரரி இருக்கிறது என்றாய். எனக்கு எழுத்து மங்க ஆரம்பித்திருப்பதை நான் உனக்குச் சொல்லவில்லை. உங்கள் ஊருக்கு வருவதென்றால், மீராவின் வீட்டில் நான் எந்த நாற்காலியில் உட்காருவது, எதைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது. இங்கேயே இருக்கவும் பயம். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாப் பாடத்துக்கும் விடை வைத்திருந்தவளுக்கு இது பெரிய வெட்கம். நீ வீடு வாங்காதே, குடியுரிமை எடுக்காதே, திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ வந்துவிடுவாயோ என்று பயம். வராமல் போனால் அதைவிடப் பயம்.

உனக்கு அறிவுரை சொல்லும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதென்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். யாராவது சத்தம் போடாமல், அசையாமல், வைத்த இடத்தில் நின்றால், அவர்களுக்கு அங்கே சுகம் என்று நீயாக எழுதிக்கொள்ளாதே. கிட்டப் போ. காலைப் பார். மீராவிடமும் அப்படியே இரு. அவளும் அதிகம் கேட்கிற பெண் இல்லை, நான் கவனித்திருக்கிறேன். அவளிடம் இந்தக் கொக்கு விஷயத்தைக் கோபமில்லாமல் சொல். படத்தை நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள். அந்த மனிதரைத் திட்டாதே. அவர் வீட்டிலும் ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறவளாக இருக்கலாம்.

முன்பணத்தை இந்த மாதம் கட்டாதே. முதலில் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நில். கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். ஏரிக்கரையில் கேட்ட அதே கேள்வியை இன்னொரு முறை கேள். நான் யோசிக்காமல், கணீரென்ற குரலில் உடனே பதில் சொன்னால், அதை நம்பாதே. போனை வைக்காமல் காத்திரு.

அம்மா